ஓய்வெடுக்கத் தெரியாத இதயம்

நம் வயதுக்காரர்கள் யாராவது நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஈசிஜி எடுப்பார்கள். அடுத்து ரத்தம் எடுத்து ‘ட்ரோபோனின்’ பார்ப்பார்கள். உடம்பில் நீர் வற்றியவர்களுக்கு ஏற்றும் பாட்டிலில் ‘ரிங்கர் லாக்டேட்’ என்று அச்சடித்திருக்கும். இரண்டு பெயர்களையும் பில்லில் பார்த்திருப்போம், பணமும் கட்டியிருப்போம். ரிங்கர் யார், ட்ரோபோனின் என்றால் என்ன என்று கேட்டிருக்க மாட்டோம். நானும் எழுபது வயது வரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய காரணம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

1974-ல் என் தம்பி இறந்தான். அவனுக்கு வயது 20. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெஞ்சு படபடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னான். ‘வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும், போய் நாலு பேரோடு ஓடியாடி விளையாடிவிட்டு வா, சரியாகிவிடும்’ என்றார் அம்மா. மாலையில் ஃபுட்பால் மைதானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. சீட்டில் ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரேதப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அப்போதெல்லாம் யார் கேட்டார்கள்? குமாஸ்தா வேலையில் நானே எத்தனையோ பதிவேடுகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்.

2019-ல் என் அக்காவின் பேரனுக்கு விளையாட்டுத் தேர்வுக்காக மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. பையனுக்கு 17 வயது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பையனுக்கு 22 மில்லிமீட்டர் இருந்தது. இதய டாக்டர் கேட்ட முதல் கேள்வி: ‘உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் யாராவது உண்டா?’

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். 45 வருடம் கழித்து எங்களிடம் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார்.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இங்கிலீஷ் பின்னால் ஆபீஸில் கற்றுக்கொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு, அகராதி துணையோடு, டாக்டர்களைத் தொந்தரவு செய்து புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இது 150 வருடக் கதை. தவளையில் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் ‘சியான்ஸ் நாத்துரேல்’ வாத்தியார் தவளைத் தொடையில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார். தசைக்கு பிரெஞ்சில் ‘முஸ்க்ல்’ என்று பெயர்; லத்தீனில் அதற்குச் சுண்டெலி என்று அர்த்தம், தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது என்பார். இதயம் ஓய்வே இல்லாமல் உழைக்கும் ஒரே தசை என்றும் சொல்வார். முதலில் சொன்னது சரி. இரண்டாவது சரியில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

1864-ல் வில்ஹெல்ம் கூனே என்ற ஜெர்மானியர் தவளைத் தசையை உறையவைத்துப் பிழிந்து ஒரு சாறு எடுத்தார். அந்தச் சாறு தானாகவே பால் திரிவது போலக் கெட்டியானது. அதிலிருந்த புரதத்துக்கு ‘மயோசின்’ என்று பெயர் வைத்தார். செத்த உடம்பு விறைப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைத்தார். இது உயிரோடு இருக்கும்போது என்ன வேலை செய்கிறது என்பது தெரிய இன்னும் 75 வருடம் ஆயிற்று.

அதற்கு நடுவில் வருகிறார் நம் பாட்டில்காரர். சிட்னி ரிங்கர் லண்டனில் டாக்டர். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்பு நீரில் வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்பு நீரிலேயே மணிக்கணக்கில் துடித்தது. அப்படியே கட்டுரையும் எழுதிவிட்டார். பிறகு அதே சோதனையைச் செய்தபோது இதயம் சீக்கிரமே நின்றுபோனது. விசாரித்ததில், முதலில் கரைசல் தயாரித்தபோது காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. அன்றைய லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இருந்தது. அது இல்லாவிட்டால் இதயம் துடிக்காது. 1883-ல் தன் முந்தைய கட்டுரை தவறு என்று ரிங்கரே எழுதி வெளியிட்டார். தவறை ஒப்புக்கொண்டு எழுதிய அந்தக் கட்டுரைதான் அவரை இன்றுவரை பாட்டிலில் நிறுத்தியிருக்கிறது. ஆபீஸில் ஒரு பிழை திருத்தக் குறிப்பு எழுதவே நாங்கள் எவ்வளவு தயங்குவோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கால்சியம் வேண்டும் என்று தெரிந்தது. எதற்காக என்று தெரியவில்லை.

1939-ல் மாஸ்கோவில் எங்கல்ஹார்ட், லூபிமோவா என்ற தம்பதியர் மயோசின் வெறும் கட்டைப் பொருள் அல்ல என்று காட்டினார்கள். உடம்பின் எரிபொருளான ஏடிபியை அதுவே உடைக்கிறது. அடுப்பும் எஞ்சினும் ஒன்றே என்பது போல. இதைப் படித்த ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி உடனே தசைப் பக்கம் திரும்பினார். சேகெட் என்ற ஊரில் விளையும் மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யை மூட்டை மூட்டையாக எடுத்து, 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். போர் மூண்டு, வெளிநாட்டுப் பத்திரிகைகள் வருவது நின்றுபோன காலத்தில், அந்த ஊரில் ஒரு சின்னக் கூட்டம் வேலை செய்தது.

அங்கே இலோனா பாங்கா என்ற பெண்மணி முயல் தசையை அரைத்து உப்புக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து மயோசின் எடுப்பார். ஒரு நாள் வேலை முடியாமல் அரைத்ததை மறுநாள் வரை அப்படியே விட்டுப் போனார். மறுநாள் அது கூழ் போலக் கெட்டியாக இருந்தது. ஏடிபி சேர்த்ததும் இளகியது. கூடுதல் நேரம் ஊறியதில் வேறு ஏதோ ஒன்று கரைந்து வந்திருக்கிறது என்று புரிந்தது. 1942-ல் ப்ரூனோ ஷ்ட்ராப் என்ற இளைஞர் அதைத் தனியாகப் பிரித்தார். அதுதான் ‘ஆக்டின்’. மயோசினும் ஆக்டினும் சேர்ந்ததை நூலாக இழுத்து, தசையைக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் போட்டார் சென்ட்-ஜியார்ஜி. நூல் கண்ணெதிரே சுருங்கியது. உயிர் இல்லாத நூல்! முயல் இல்லை, நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. இரண்டு புரதமும் எரிபொருளும் மட்டும். இந்தச் செய்தி போர் முடிந்த பிறகுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவரோ ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்து, 1947-ல் அமெரிக்கா போய்விட்டார்.

நூல் ஏன் சுருங்கியது? புரதம் தானே மடிந்து குட்டையாகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1954 மே மாதம் ‘நேச்சர்’ பத்திரிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும். மற்றதை எழுதியவர்கள் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் என்ற பெண்மணியும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்ல. இரண்டு கட்டுரைகளும் ஒன்றையே சொல்லின: எதுவும் குட்டையாவதில்லை. தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு நுழைகின்றன. இரண்டு கை விரல்களையும் நுனியில் கோத்துக்கொண்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல் நீளம் மாறாது, கைகள் நெருங்கி வரும். தடித்த இழை மயோசின், மெல்லியது ஆக்டின். இந்த இரண்டும் அடங்கிய ஒரு அலகின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட அலகுகள் வரிசை வரிசையாகக் கோத்திருப்பதுதான் தசை.

ஒவ்வொரு தடித்த இழையிலும் சுமார் 300 மயோசின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். அந்தத் தலை ஆக்டினைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வில்லியனூர் தேரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வடம் ஆக்டின். பிடித்து இழுக்கும் ஜனங்கள் மயோசின் தலைகள். ஒருவர் கை தளரும்போது இன்னொருவர் கை இழுக்கும். ஒரே சமயத்தில் எல்லாரும் விட்டுவிடுவதில்லை. தேர் நகரும். ஆனால் தேர் நகர்ந்தால் மட்டும் போதுமா? நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும். அதற்குத்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் இருக்கிறார்கள். தசையில் முட்டுக்கட்டை போடுவது யார்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் டோக்கியோவைச் சேர்ந்த எபாஷி செட்சுரோ. கால்சியம்தான் தசைக்குச் சைகை என்று அவர் சொன்னபோது பெரிய விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. ஒரு சாதாரண உலோக உப்பு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யுமா என்று நினைத்தார்கள். எபாஷி கவனித்தது இது: தசையிலிருந்து நேரடியாக எடுத்த கலவை கால்சியத்துக்குக் கட்டுப்பட்டது. கால்சியம் இருந்தால் சுருங்கும், எடுத்துவிட்டால் சும்மா இருக்கும். ஆனால் நன்றாகச் சுத்தம் செய்த மயோசினையும் ஆக்டினையும் கலந்தால் அது கால்சியத்தைச் சட்டையே செய்யவில்லை, எப்போதும் சுருங்கியது. அப்படியானால் சுத்தம் செய்யும்போது எதையோ கழுவிக் கொட்டிவிடுகிறோம். அதைத் தேடிப் பிடித்து 1965-ல் ‘ட்ரோபோனின்’ என்று பெயர் வைத்தார். நம் பில்லில் இருக்கிற அதே ட்ரோபோனின்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. ஆக்டின் வடத்தின் மேல் ட்ரோபோமயோசின் என்ற மெல்லிய கயிறு ஓடுகிறது. 1946-ல் கேம்பிரிட்ஜில் கென்னத் பெய்லி கண்டுபிடித்தது அது. ஓய்வில் இருக்கும்போது அந்தக் கயிறு, மயோசின் கை வைக்க வேண்டிய இடங்களை மறைத்துக்கொண்டு கிடக்கும். அதை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது ட்ரோபோனின். அதில் மூன்று பகுதிகள்: ஒன்று கால்சியத்தைப் பிடிப்பது, ஒன்று தடுப்பது, ஒன்று கயிற்றோடு கட்டி வைப்பது. மின்சைகை வந்ததும் செல்லுக்குள் கால்சியம் சுமார் பத்து மடங்கு கூடுகிறது. அதில் ஒரு துளி ட்ரோபோனினில் போய் ஒட்டியதும் அதன் உருவம் சற்றே மாறுகிறது. தடுப்புப் பகுதி விலகுகிறது. கயிறு நகர்கிறது. மயோசின்கள் கை வைக்கின்றன. இதயம் துடிக்கிறது. பிறகு கால்சியத்தைப் பம்ப் பண்ணி வெளியேற்ற, கயிறு பழைய இடத்துக்கே வந்து முட்டுக்கட்டை விழுகிறது. இதயம் தளர்ந்து விரிகிறது, ரத்தம் நிரம்புகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை.

இதயத் தசையின் ட்ரோபோனின் கை கால் தசையில் இருப்பதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. மாரடைப்பில் ரத்தம் போகாமல் இதயச் செல்கள் சாகும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அதைத்தான் ஆஸ்பத்திரியில் தேடுகிறார்கள். முட்டுக்கட்டை தெருவில் மிதந்து வந்தால் தேர் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

வாத்தியார் சொன்னதில் எது சரியில்லை என்று இப்போது சொல்கிறேன். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் சுருங்குகிறது. மீதி நேரம் தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ச்சியில்தான் அது நிரம்புகிறது. தனக்கு வேண்டிய ரத்தத்தையும் பெரும்பாலும் அப்போதுதான் பெறுகிறது. இதயம் ஓய்வில்லாமல் உழைப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு ஓய்வெடுப்பதால்தான் எண்பது வருடம் உழைக்க முடிகிறது.

இனி நோயின் கதை.

1869-ல் பாரிஸில் லியூவில், அலொப்போ என்ற இரண்டு டாக்டர்கள், இதயச் சுவர் உள்பக்கமாகத் தடித்து ரத்தம் வெளியேறும் வழியையே குறுக்கியிருந்ததைப் பிரேதங்களில் பார்த்து எழுதினார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1958-ல் லண்டனில் டொனால்ட் டேர் என்ற பிரேதப் பரிசோதனை நிபுணர், திடீரென்று இறந்த இளைஞர்களின் இதயங்களில் இதே தடிப்பைக் கண்டு எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. சுவரின் இழைகள் வரிசையாக இல்லாமல் வைக்கோல் போர் போலத் தாறுமாறாகக் கிடந்தன என்று எழுதினார்.

1961-ல் கனடாவில் பாரே என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் கியூபெக் பகுதியில் ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். பிரான்சிலிருந்து போய்க் குடியேறிய ஒருவரின் வம்சம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் இளவயதுச் சாவுகள். பாதிரிமார்கள் எழுதி வைத்த பிறப்பு இறப்புப் பதிவுகள் அந்த நாட்டில் நன்றாக இருக்கும். பதிவேடு எழுதியே காலத்தைக் கழித்த எனக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும். சுமார் 30 வருடம் கழித்து அதே குடும்பத்தாரின் ரத்தத்தை வைத்துத்தான் பாஸ்டனில் கிறிஸ்டின் சைட்மன், ஜொனாதன் சைட்மன் தம்பதியர் காரணத்தைப் பிடித்தார்கள். 1990-ல் வெளியிட்டார்கள். இதய மயோசின் 1935 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் 403-வது மணி மட்டும் மாறியிருந்தது. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமின். அவ்வளவுதான். நீண்ட ஆவணத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதைக் காப்பி எடுத்துக் காப்பி எடுத்துப் பல தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இது ஆதிக்கமாக வரும் மரபுக்கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1995-ல் பாரிஸில் கெட்டி ஷ்வார்ட்ஸ் என்ற அம்மையாரின் குழுவும், அதே சமயத்தில் பாஸ்டனில் இன்னொரு குழுவும், வேறொரு புரதத்திலும் இதே நோய்க்குக் காரணம் இருப்பதைக் காட்டின. அதன் பெயர் ‘மயோசின் பிணைப்புப் புரதம் சி’. தடித்த இழையின் மேல் மோதிரம் போட்டது போல இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். ட்ரோபோனினிலும் ட்ரோபோமயோசினிலும் மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தடித்த இதய நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று இப்போது கணக்கிடுகிறார்கள்.

ஒரு எழுத்துப் பிழையால் இதயச் சுவர் ஏன் தடிக்க வேண்டும்? நாங்களெல்லாம் தம்பிக்கு ‘இதயம் பலவீனம்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மை நேர் எதிராக இருந்தது. அதைக் காட்டியது புரதத்தின் உருவம்.

1993-ல் விஸ்கான்சினில் ரேமென்ட் என்பவரின் குழு மயோசின் தலையின் உருவத்தை அணு அணுவாக வரைந்தது. அது கோழித் தசையிலிருந்து எடுத்தது. 2005-ல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரோஜர் கிரெய்க், வெனிசுவேலாவைச் சேர்ந்த ராவுல் பத்ரோன் குழுவினர் டராண்டுலா என்ற பெரிய சிலந்தியின் கால் தசையைப் பார்த்தார்கள். ஓய்வில் இருக்கும் மயோசினின் இரண்டு தலைகளும் ஒன்றோடொன்று சாய்ந்து, பின்னால் மடிந்து தன் வாலின் மேலேயே படுத்திருந்தன. பறவை கழுத்தைத் திருப்பித் தலையைச் சிறகில் வைத்துத் தூங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் கலிஃபோர்னியாவில் ரோஜர் குக்கின் குழு, மயோசினுக்கு மிக ஆழ்ந்த ஓய்வு நிலை ஒன்று இருப்பதையும், அந்த நிலையில் அது எரிபொருளை மிக மிகக் குறைவாகவே செலவழிக்கிறது என்பதையும் அளந்து காட்டியது. 2023-ல் மனித இதயத்தின் தடித்த இழையையே நேரடியாகப் படம் பிடித்தார்கள். அதிலும் அதே மடிந்த தலைகள். பக்கத்தில் பிணைப்புப் புரதம் சி.

ஆகவே முட்டுக்கட்டை ஒன்றல்ல, இரண்டு. ஆக்டின் பக்கம் ட்ரோபோனின் கயிறு. மயோசின் பக்கம் இந்தத் தூக்கம். நல்ல இதயத்தில் எல்லாத் தலைகளும் எப்போதும் வடம் பிடிப்பதில்லை. ஒரு பகுதி ஓரமாகத் திண்ணையில் படுத்திருக்கிறது. தேவைப்படும்போது எழுந்து வரும். தடித்த இதய நோயைத் தரும் மயோசின் மாற்றங்களில் பல, தலைகள் மடியும் இடத்திலேயே அமைந்திருக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பூடிச் சுட்டிக்காட்டினார். பிழையுள்ள தலையால் சரியாக மடிந்து படுக்க முடிவதில்லை. பிணைப்புப் புரதம் சி குறைந்தாலும் அதே கதிதான். ஓய்வில் இருக்க வேண்டியவர்களும் எழுந்து வந்து வடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். தேர் வேகமாக ஓடுகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதயம் அளவுக்கு மேல் சுருங்குகிறது, சரியாகத் தளர்வதில்லை, எரிபொருளை வீணாக்குகிறது. வருடக்கணக்கில் அப்படி உழைத்துச் சுவர் தடிக்கிறது, இழைகள் கலைகின்றன, மின்சைகை தடம் மாறுகிறது. ஒரு நாள் ஓடும்போது துடிப்பு குலைந்துவிடுகிறது.

எதிர்ப்பக்க நோயும் உண்டு. இதயம் பெரிதாகி, சுவர் மெலிந்து, சுருங்கத் தெம்பில்லாமல் போவது. அதில் பலருக்கு ‘டைட்டின்’ என்ற புரதத்தில் கோளாறு. உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் அது. சுருள்கம்பி போலத் தசையின் அலகை இரு பக்கமும் பிடித்திருப்பது. ஆகப் புரதத்தின் உருவம் ஒரு பக்கம் கெட்டால் இதயம் விடாது. மறுபக்கம் கெட்டால் பிடிக்காது.

உருவம் தெரிந்ததால் மருந்தும் வந்தது. மயோசின் தலைகளை ஓய்வு நிலைக்கு அனுப்பும் ‘மாவாகாம்டென்’ என்ற மாத்திரைக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவு மீறினால் இதயம் தளர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி எக்கோ எடுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கூனேயின் தவளைச் சாற்றிலிருந்து இந்த மாத்திரை வரை 158 வருடம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட குழு ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டது. பிணைப்புப் புரதம் சி-யின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து ஜனங்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. இதயம் தளர்ந்துபோவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றது. இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அதோடு சேர்ந்து இன்னொரு சிறு மாற்றமும் இருக்கும் சிலரிடம்தான் தொல்லை அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் நம் இதயத்தின் கதையை நம்மவர்களே தேடிப் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். டாக்டர் சொன்னபடி எல்லாரும் எக்கோ எடுத்துக்கொண்டோம். அக்காவுக்கு அப்போது 76 வயது. சுவர் 16 மில்லிமீட்டர். வாழ்நாள் முழுக்க ‘கேஸ்’ என்று சொல்லிச் சோம்புத் தண்ணீர் குடித்தவர். ஒரே பிழை ஒருவரை 20 வயதில் கொண்டுபோகிறது, இன்னொருவரைப் பேரன் பேத்தி எடுக்க விடுகிறது. ரத்தப் பரிசோதனையில் பையனுக்குப் பிணைப்புப் புரதம் சி-யின் மரபணுவில் மாற்றம் என்று வந்தது. மேலே சொன்ன 25 எழுத்து மாற்றம் அல்ல, வேறு ஒன்று. அக்காவுக்கும் அதுவே. எனக்கு இல்லை. மூன்று பிள்ளைகளில் இரண்டு பேருக்குப் போய், என்னை விட்டுவிட்டது.

பையன் போட்டி ஓட்டத்தை நிறுத்தினான். ஆறு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான். துடிப்பு குலைந்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஒரு சின்னக் கருவியை மார்புத் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்கள். இப்போது காலேஜ் முடித்து வேலையில் இருக்கிறான். தம்பியைவிட வயதில் மூத்தவனாகிவிட்டான்.

தம்பிக்கும் இதுதானா? பிரேதப் பரிசோதனை இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மற்றதெல்லாம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னார். ‘மாரடைப்பு’ என்று எழுதினார்கள். அவன் மாரில் எதுவும் அடைத்திருக்காது. அந்த ஒரு சொல்லை எழுதி மூடிவிட்டதால், அடுத்து யாரைச் சோதிக்க வேண்டும் என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. அன்றைக்கு எக்கோ வசதி இல்லை என்பதும் உண்மை. யார் மேலும் குறை சொல்லவில்லை.

அம்மா 1996-ல் காலமானார். 22 வருடம், ஒவ்வொரு திவசத்தன்றும் ‘நான்தானே அவனை ஓடச் சொன்னேன்’ என்பார். ‘விதி அம்மா, விடுங்கள்’ என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் தெரியாது. அது அவருக்குச் சமாதானமாக இருந்ததில்லை. இன்று இருந்தால் சொல்வேன்: அம்மா, அவன் பிறக்கும்போதே இதயத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், அடுத்த வாரம் சைக்கிள் மிதிக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நடந்திருக்கலாம். நீங்கள் சொன்னது எந்த அம்மாவும் சொல்வதுதான்.

படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் யாராவது இருந்தால், ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்த பிள்ளை இருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லி ஈசிஜி, எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது வலிக்காது. பழைய சாவுகளைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நாம் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். நம் தலைமுறைக்குத்தான் அந்தப் பெயர்களும் வயதுகளும் நினைவிருக்கின்றன. ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாமும் போன பிறகு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.